மெதுவாகப் படித்த நாவல்

திருப்பதியில் ஒரு கல்லூரியில் நான் தமிழ் வாத்தியார். சித்தூர் ஜில்லாவில் எந்த ஊர் ஆந்திராவோடு இருக்கும், எது சென்னையோடு போகும் என்று எல்லோரும் பேப்பரும் கையுமாக இருந்த வருஷங்கள் அவை. ஆசிரியர் அறையில் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுச் சண்டைக்குக் கிளம்பிவிடுவார்கள். நான் முதல் பத்தியிலேயே உட்கார்ந்திருப்பேன்.

"நீங்க படிச்சி முடிக்கறதுக்குள்ள எல்லையே வேற பக்கம் போயிடும் மாஸ்டாரு" என்பார் தெலுங்கு வாத்தியார். எனக்கு அதில் பெருமைதான். ஒரு வாக்கியத்தை மூன்று முறை படிக்காதவன் அதைப் படிக்கவே இல்லை என்று வகுப்பில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

அந்தச் சமயத்தில்தான் என் மனைவிக்கு இருதயம் பலவீனமாகிவிட்டது. சித்தூரில் பஸ் மாறி வேலூருக்கு அழைத்துப்போனேன். டாக்டர் என்னை மட்டும் தனியே கூப்பிட்டு, தை வரை தாங்கினால் அதிகம் என்றார். அவளிடம் நான் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்.

நகரியில் தறிக்காரர் வீட்டுப் பெண் அவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். படுத்த படுக்கையான பிறகு, ஏதாவது ஒரு கதை படித்துக் காட்டச் சொன்னாள். நான் ஏற்கெனவே இரண்டு முறை படித்திருந்த ஒரு நாவலை எடுத்தேன். கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போன ஒரு பெண், தாய் சாவதற்குள் திரும்பி வருகிறாளா என்பதுதான் கதை.

கல்லூரி விட்டு வந்ததும் தினம் இரண்டு பக்கம். அதற்குமேல் கிடையாது. நடுவில் நிறுத்தி, இந்த இடத்தில் இந்தச் சொல் ஏன் வந்தது தெரியுமா என்று ஆரம்பித்துவிடுவேன். முதலில் சிரித்துக்கொண்டே கேட்டாள். மார்கழியில் தலையணையிலிருந்து தலை தூக்க முடியாமல் போனது.

"இன்னாங்க, நீங்க பாட்டுக்கு வெளக்கிக்கினே கீறீங்க, கத நவுரவே மாட்டேங்குது. அந்தப் பொண்ணு வந்தாளா இல்லியா, அத மட்டும் சொல்லிடுங்க" என்றாள்.

"கதைய அப்படிக் கேக்கக் கூடாது. அங்க போற வரைக்கும் பொறுத்துக்கோ" என்றேன், அவசரப்படும் மாணவனிடம் சொல்வதைப்போல.

"சரி" என்று கண்ணை மூடிக்கொண்டாள். நான்கு நாள் கழித்து ஒரு மத்தியானம், நான் வகுப்பில் இருக்கும்போது போய்விட்டாள்.

புத்தகம் முடியாதவரை அவளும் இருப்பாள் என்று நம்பித்தான் இழுத்தடித்தேன் என்று பின்னால் உறவுக்காரர்களிடம் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். அது பொய். வெறும் கர்வம். தமிழ் எடுத்துப் படிக்க வரும் பிள்ளைகள் வருஷா வருஷம் குறைந்துகொண்டிருந்த காலத்தில், நான் பேசுவதைக் கேட்க வீட்டில் ஓர் ஆள் கிடைத்த மிதப்பு.

காரியம் முடிந்து எல்லோரும் நகரிக்கு ரயில் ஏறிய பின், மீதியை உட்கார்ந்து படித்தேன். பதினோரு பக்கம். அவசரமில்லாமல் படித்தும் அரை மணி நேரம் ஆகவில்லை. அந்தப் பெண் வந்துவிடுகிறாள். தாய்க்கு அவளை அடையாளம் தெரிகிறது. இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். வந்துவிட்டாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், நான் சொல்லவில்லை.