முன் சில்லு இரண்டும்

லவீனாவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். குருநகரில் அவளுடைய தகப்பன் கனிசியஸ் கடலுக்குப் போய்வந்து, வள்ளத்து எஞ்சினுக்கு நல்ல தண்ணி விடாமலே சாப்பிட உட்கார்ந்துவிட்டால், பத்து வயதிலேயே அவள் பக்கத்தில் வந்து நின்று, "அப்பா, எஞ்சினுக்குள்ளை உப்புத்தண்ணி நிக்குது" என்று மெல்லச் சொல்வாள். அந்த மெல்லிய குரலுக்கு அந்த மனுசன் சோற்றுக் கோப்பையை மூடிவைத்துவிட்டு எழும்பிப் போவார். உடுவிலில் அவள் வாழ்க்கைப்பட்ட வீட்டில் அந்தக் குரலின் அர்த்தம் ஒருவருக்கும் தெரியவில்லை. மருமகள் பவ்வியமாகக் கதைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஜெயரூபனை அவள் விரும்பித்தான் கட்டினாள். சிலுவை போட்ட வேதக்காரப் பெட்டை, அதுவும் கரையோரத்துப் பெட்டை, சைவ வீட்டுக்குள் வருவதென்றால் சும்மாவா? மாமனார் இராசநாயகம் சில வருஷம் அவளோடு நேரே கதைக்கவில்லை. ஏதும் தேவையென்றால், "அந்தப் பிள்ளையிட்டைச் சொல்லு" என்று மகனுக்குச் சொல்வார். அவள் மூன்றடி தள்ளித்தான் நின்றுகொண்டிருப்பாள். மாமியார் கண்ணை மூடி, மாமனாருக்குச் சிறுநீரகம் பழுதாகி, இரத்தம் சுத்திகரிக்க யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கிழமைக்கு மூன்று தரம் போகவேண்டும் என்று ஆன பிறகுதான் அவர் வாயில் "பிள்ளை" என்ற சொல் வந்தது.

அவருக்கென்றுதான் சுவிஸிலிருக்கும் மூத்த மகள் ஒரு ஹைபிரிட் கார் வாங்கிக் கொடுத்தாள். ஜப்பானில் யாரோ ஓடிக் கழித்த கார்தான், ஆனாலும் சத்தமில்லாமல் போகும், குலுக்காது. யார் ஓட்டுவது என்ற கதை வந்தபோது ஜெயரூபன் கிளிநொச்சியில் வேலை என்றான். அவனுடைய தமையன் தயாபரன் அடுத்த ஒழுங்கையில் இருந்தான். அவனிடமும் அதே வகைக் கார் ஒன்று இருந்தது. ஆனால் அவன் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஆள் ஏற்றி ஹயர் ஓடுகிறவன், அவனுக்கு நேரமில்லை. "நீர் எப்பிடியும் ரவுணுக்குப் போறனீர்தானே" என்று எல்லாருமாக லவீனாவைப் பார்த்தார்கள். அவள் யாழ்ப்பாணத்தில் வள்ள எஞ்சின் சாமான் விற்கும் கடை ஒன்றில் வேலை செய்தாள். அவளிடம் லைசென்சும் இருந்தது. அன்றிலிருந்து கார் அவள் தலையில் விழுந்தது.

விழுந்ததை அவள் அரைகுறையாகச் செய்கிறவள் அல்ல. ஞாயிறு பூசைக்குப் போகமுன், ரயர் குளிர்ந்திருக்கிற நேரம் பார்த்து, நாலுக்கும் காற்று அளப்பாள். சத்தம் போடாத காருக்குப் பராமரிப்பு வேலையே இல்லை என்று அந்த வீட்டில் ஒரு நம்பிக்கை இருந்தது. உண்மை மறுவளம். பற்றரியின் பாரமும், கால் வைத்தவுடன் பாய்கிற மோட்டரும் சேர்ந்து முன் ரயரைத் தின்றுவிடும். அதனால் சில மாதத்துக்கு ஒருக்கால் முன்னதைப் பின்னுக்கும் பின்னதை முன்னுக்கும் மாற்றுவாள். பின் சீற்றுக்குப் பக்கத்தில் பற்றரிக்குக் காற்று இழுக்கும் ஒரு வலைக் கதவு உண்டு. உடுவில் செம்மண் தூசி அதை ஒரு மாதத்தில் அடைத்துவிடும். அதைக் கழற்றித் தட்டுவாள். மாமா தன் தலையணையை அதில் சாய்த்து வைத்தால் எடுத்து மற்றப் பக்கம் வைப்பாள். "வருத்தக்காரனுக்கு ஒரு தலாணி வைக்க விடுறாளில்லை" என்று தயாபரன் ஒருநாள் ஜெயரூபனிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது. காதில் விழட்டும் என்றுதான் சொன்னான்.

மழைக்கு முதல் முன் ரயர் இரண்டையும் மாற்றவேண்டும் என்று வீட்டில் சொல்லிப் பார்த்தாள். "இன்னும் ஓடும்" என்றார்கள். தன் சம்பளத்திலேயே இரண்டு புது ரயர் வாங்கிப் போட்டாள். அதன்பிறகு, ஐப்பசி பிறந்த கையோடு, குருநகரில் தாய் படுக்கையில் விழுந்தாள். லவீனா இரண்டு கிழமை தாய்வீட்டில் நின்றாள். அந்த நாட்களில் மாமாவை ஏற்றி இறக்கும் பொறுப்பைத் தயாபரன் எடுத்தான். ஞாயிறு இரவு திரும்பி வந்தபோது தயாபரனை ரெலிபோனில் கேட்டாள்: "அத்தான், காத்துப் பாத்தனீங்களோ?"

"எல்லாம் பாத்தாச்சு. நீர் கார்த் திறப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போம்."

மறுநாள் விடிய இருட்டோடு மாமாவை ஏற்றிக்கொண்டு போனாள். போகும்போது வானம் மூடியிருந்தது, வீதி காய்ந்திருந்தது. திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. தாவடிச் சந்திக்குக் கிட்ட, முன்னால் போன ஓட்டோ சட்டென்று திரும்ப, அவள் பிரேக்கை மிதித்தாள். வேகம் என்று சொல்ல ஒன்றுமில்லை, பஸ்காரன் முந்திப் போகிற ஓட்டம். ஆனாலும் கார் நிற்கவில்லை. முன்பக்கம் அப்படியே வழுக்கிக்கொண்டு எதிர்ப்பக்கத்துக்குப் போனது. ஸ்ரியரிங்கைத் திருப்பினாள், அது சும்மா சுற்றியது. எதிரே கல் ஏற்றின லொறி ஒன்று. லொறிக்காரன் நல்லவன், அல்லது நித்திரை கொள்ளாதவன். அவன் மதிலோடு ஒட்டிக்கொண்டு எடுத்ததில், இரண்டுக்கும் நடுவே ஒரு கை போகிற இடைவெளிதான் மிஞ்சியது. கார் வாய்க்கால் விளிம்பில் போய் நின்றது.

"மாமா!" திரும்பிப் பார்த்தாள். அவர் ஊசி போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார்.

"ஒண்டுமில்லைப் பிள்ளை. போவம்" என்றார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

லவீனா மழையில் இறங்கினாள். குனிந்து வலது முன் ரயரைப் பார்த்தாள். கையால் தடவினாள். மொழுமொழுவென்று இருந்தது, மொட்டைத் தலை மாதிரி. பக்கவாட்டில் மயிர்க்கோடாய் வெடிப்புகள். ரயர் பிறந்த ஆண்டைச் சொல்லும் இலக்கத்தைத் தேடிப் பார்த்தாள். அது நிரோஜா பாலர் வகுப்பில் இருந்த காலத்து ரயர். அவள் மகள் நிரோஜா இப்போது பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். மற்றப் பக்கமும் போய்ப் பார்த்தாள். அதுவும் அப்படியே.

தான் போட்ட புது ரயர் இரண்டும் எங்கே போயின என்று அவளுக்கு விளங்கிவிட்டது. மழைத்தண்ணீர் கழுத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் உடம்பு கொதித்தது.

ஊர்ந்து ஊர்ந்து வீட்டுக்கு வந்து மாமாவைப் படுக்க வைத்தாள். செய்தி கேட்டு ஜெயரூபன் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தான். வந்ததும் வராததுமாக, "நீர் கொஞ்சம் ஸ்பீட்தானே" என்றான். அவன் கையிலிருந்த ரெலிபோனில் தயாபரன் சொல்வதும் கேட்டது: "மழைக்குள்ளை பொம்பிளையள் ஓடினா உப்பிடித்தான்."

லவீனா திறப்பை எடுத்தாள். காரை அடுத்த ஒழுங்கைக்கு மெல்ல உருட்டிக்கொண்டு போய், படலைக்கு வெளியே நின்ற தயாபரனின் காருக்கு நேரே மூக்கோடு மூக்காக விட்டாள். அவன் காரின் முன் சில்லில் அவள் வாங்கின ரயர் கருகருவென்று நின்றது. ரயரோடு சில்லையும் சேர்த்தே மாற்றியிருந்தான். ஒரே வகைக் கார், ஒரே அளவு. ஆஸ்பத்திரி வாசல் கல்லில் அவள் உரஞ்சிய கீறல்கூட அந்தச் சில்லில் அப்படியே இருந்தது. அவள் ஜாக்கையும் ஸ்பனரையும் இறக்கி, சட்டைக் கையை மடித்துவிட்டு, சேற்றில் குந்தினாள்.

ஒரு சில்லு கழன்று கையில் வரும்போது தயாபரன் சாரத்தைக் கட்டியபடி ஓடி வந்தான். பின்னால் அவன் மனைவி தர்சிகா.

"லவீனா! உது என்ன வேலை?"

"என்ரை சில்லைக் கழட்டுறன் அத்தான்."

"உம்மடை சில்லோ? கார் அக்கா வாங்கினது."

"காரை மச்சாள் வாங்கினவ. ரயரை நான் வாங்கினனான். இந்தக் கீறலும் நான் போட்டது. வடிவாப் பாருங்கோ."

"கத்தாதேயும். சனம் பாக்குது."

அவள் கத்தவேயில்லை. பக்கத்து வளவில் வெங்காயம் கட்டிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தும் அவள் சொன்னது அவர்களுக்குக் கேட்கவில்லை. "வருத்தக்கார மனுசன் போற கார் அத்தான். உங்களைப் பெத்த மனுசன். களவெடுக்கிறவன்கூட இப்பிடிச் செய்யமாட்டான்."

களவு என்ற சொல் அவனுக்குச் சுட்டது. "ஆர் களவெடுத்தது? அப்பாவைக் கேக்காமல் நான் தொடுவனோ? அவர்தான் கழட்டிக்கொண்டு போ எண்டவர். போய்க் கேளும்!"

லவீனா எழும்பினாள். சில்லைச் சேற்றில் போட்டுவிட்டு, ஸ்பனரைக் கையில் பிடித்தபடியே நடந்தாள். அவன் பொய் சொல்கிறான் என்று பாதித் தூரம் வரை நம்பினாள். பிறகு, காரில் மாமா அவள் முகத்தைப் பார்க்காமல் விட்டது ஞாபகம் வந்தது.

இராசநாயகம் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஜெயரூபன் தலைமாட்டில் நின்றான்.

"மாமா, ரயரை மாத்தச் சொன்னது நீங்களோ?"

அவர் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "ஓம் பிள்ளை. நான்தான். அவன் வந்து ஒரு மாதிரி நிண்டான். கொழும்புப் பக்கம் ஓடுறவன், ரயர் தேஞ்சு போச்சு எண்டான். குஞ்சு குருமனெல்லாம் ஏறிப் போற கார். எனக்கென்ன? நான் இண்டைக்கோ நாளைக்கோ. எனக்கு உந்தத் தேஞ்சது காணும்."

வேறொரு நாள் என்றால் அந்தக் கடைசிச் சொல்லுக்கு அவள் கண் கலங்கியிருக்கும். இப்போது அவள் கட்டிலுக்குக் கிட்ட வந்து, குரலை இன்னும் இறக்கினாள்.

"மாமா, அந்தக் காரிலை நீங்கள் தனியவோ போறனீங்கள்?"

அவருக்கு விளங்கவில்லை. திரும்பிப் பார்த்தார்.

"முன் சீற்றிலை ஸ்ரியரிங்கைப் பிடிச்சுக்கொண்டு ஆர் இருக்கிறது? பின்னேரம் ரியூசனாலை நிரோஜாவை ஏத்திக்கொண்டு வாறது எந்தக் காரிலை? உங்கடை உயிரை நீங்கள் ஆருக்கும் குடுங்கோ. என்ரையையும் என்ரை பிள்ளையின்ரையையும் குடுக்கச் சொல்லி ஆர் சொன்னது?"

இராசநாயகத்தின் வாய் மெல்லத் திறந்தது. "நான் அதை... பிள்ளை, நான் அதை யோசிக்கேல்லை."

உண்மைதான் சொன்னார். அதுதான் அவளைக் குத்தியது. வேண்டுமென்று செய்திருந்தால் சண்டை பிடித்து ஆறலாம். இந்த மனுசன் மகனை நினைத்தார், மகன் காரில் ஏறும் முன்பின் தெரியாத சனத்தை நினைத்தார். ஒவ்வொரு கிழமையும் தன்னைத் தாங்கிப் பிடித்து ஏற்றி இறக்குகிறவள் அந்தக் காருக்குள் இருக்கிறாள் என்பது மட்டும் அவர் நினைப்பில் வரவில்லை. காரோடு சேர்ந்த ஒரு சாமான் மாதிரி அவளும் இருந்திருக்கிறாள்.

"லவீனா, அப்பா வருத்தக்காரன்..." என்று ஜெயரூபன் தொடங்கினான்.

"ஓம். நான்தான் ஸ்பீட்டா ஓடினனான். அதையும் ஒருக்கால் சொல்லுங்கோ" என்றாள். அவன் அவளோடு வரப் புறப்பட்டான். "நீங்கள் வரவேண்டாம்" என்றுவிட்டுத் தனியே நடந்தாள்.

ஒழுங்கையில் தயாபரனைக் காணவில்லை. தர்சிகா மட்டும் காரடியில் குந்தியிருந்தாள். கழற்றிய நட்டுகளைச் சேற்றில் தாழவிடாமல் பொறுக்கிச் சீலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்தாள். தங்கள் காரின் டிக்கியைத் திறந்து இரண்டாவது ஜாக்கையும் எடுத்து வெளியே வைத்திருந்தாள்.

"எனக்குத் தெரியாது லவீனா. ரயர் மாத்தினனான் எண்டார். நான் கடையிலை எண்டெல்லோ நினைச்சனான்" என்றாள். சொல்லிக்கொண்டே ஜாக்கைத் தன் பக்கம் இழுத்தாள்.

இரண்டு பேருமாகச் சில்லுகளை மாற்றினார்கள். கடைசி நட்டுகளை லவீனா ஸ்பனரில் காலால் ஏறி மிதித்து இறுக்கினாள்.

"அப்ப எங்கடை காருக்கு?" என்று தர்சிகா கேட்டாள்.

"புதுசு போடுங்கோ அக்கா. அதுவரைக்கும் ஓடவிடாதேங்கோ. உங்கடை பிள்ளையளும் ஏறுறவைதானே."

அன்று பின்னேரம் தயாபரன் ஹயருக்குப் புறப்பட்டபோது திறப்பு அவனுக்குக் கிடைக்கவில்லை. தர்சிகாவோடு அவன் போட்ட சண்டை ஒழுங்கை முழுக்கக் கேட்டது. லவீனாவோடு அவன் தைப்பொங்கல் வரையில் கதைக்கவில்லை. அவள் அதை ஒரு குறையாக நினைக்கவுமில்லை.

அடுத்த ஆஸ்பத்திரித் தவணைக்கு அவள் திறப்பை மேசையில் வைத்துவிட்டுப் பஸ்ஸில் வேலைக்குப் போனாள். ஜெயரூபன் ஒரு நாள் லீவு எடுத்தான். தயாபரன் ஒரு நாள் ஹயரை விட்டான். பிறகு இருவருமாக வந்து நிற்க, ஜெயரூபன் கேட்டபோது, கிழமைக்கு ஒரு நாள் தான் ஓட்டுவதாகவும் மற்ற இரண்டையும் அவர்கள் பங்கு போடவேண்டும் என்றும் சொன்னாள். காற்று அளக்கிறதும் முறைக்குத்தான். தலையாட்டினார்கள். வேறு வழியில்லை.

அவளுடைய நாளில் முதன்முதலாகப் போனபோது, இணுவில் தாண்டும்போதும் மழை தூறிக்கொண்டிருந்தது. வீதி நனைந்திருந்தது, கார் பிடித்த பிடியில் போனது.

"இன்னும் கோவமோ பிள்ளை?" என்று பின்னாலிருந்து இராசநாயகம் கேட்டார்.

"ஓம் மாமா. கோவம்தான்."

"நல்லது" என்றார். "மற்ற ஆக்கள் எல்லாரும் நான் செய்தது பறவாயில்லை எண்டுதான் சொல்லுகினம்."

அவள் கண்ணாடியில் அவரைப் பார்த்தாள். இந்த முறை அவர் பார்வையைத் திருப்பவில்லை. அவள் கோபம் தீரவும் இல்லை. வைப்பரை ஒரு சுற்றுக் கூட்டிவிட்டு, ஆஸ்பத்திரிப் பக்கம் காரைத் திருப்பினாள்.