வெள்ளிக்கிழமைக் குரல்

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை, எஸ்தர் அக்காவின் ஊர் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பள்ளிப் பேருந்து கீழே நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறது. நான் பையனின் டிபன் டப்பாவை மூட முடியாமல் அழுத்திக்கொண்டிருக்கிறேன். "எக்கா! எப்ப வாறிய? ஒங்க ரூமுக்கு ஆள் கேக்காவ, நாந்தான் புடிச்சு வச்சிருக்கேன்" என்று எடுத்த எடுப்பில் கத்தினேன். எப்போதும் வரும் அந்தப் பெரிய சிரிப்பு வரவில்லை. "ஆன்ட்டி, நான் சியோமா. அம்மா இறந்துட்டாங்க" என்றது ஒரு சின்னக் குரல். நான் சியோமா யார் என்று கேட்டேன். அக்காவின் ஒரே மகளின் பெயரை ஏழு வருடமாகத் தினமும் கேட்டவள் நான், அப்படிக் கேட்டேன். புத்தி அந்த நேரத்தில் அப்படித்தான் வேலை செய்தது.

எஸ்தர் அக்கா நைஜீரியாவில் எனுகு என்ற ஊரைச் சேர்ந்தவர். அங்கே பள்ளி ஆசிரியையாக இருந்தவர். கணவர் இறந்தபின், பன்னிரண்டு வயது மகளைத் தங்கையிடம் விட்டுவிட்டு ஷார்ஜாவுக்கு வந்தார். அங்கே ரோலா என்ற பகுதியில் ஒரு கார்கோ கடையில், தம் நாட்டுக்காரர்கள் ஊருக்கு அனுப்பும் பெட்டிகளை எடைபோட்டுக் கட்டும் வேலை. ஒரு பழைய கட்டடத்தின் மூன்று அறை வீட்டில் ஓர் அறை அவருக்கு, ஓர் அறை எங்களுக்கு, இன்னொன்று வேறொரு குடும்பத்துக்கு. அடுக்களை ஒன்றுதான். போன மாதம், இங்கே வந்தபின் முதல்முறையாக, விடுமுறைக்கு ஊருக்குப் போனார். அங்கே ரத்தக் கொதிப்பு ஏறி ஒருநாள் காலையில் சரிந்து விழுந்தவர் பிறகு எழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சியோமா மறுபடி அழைத்தாள். அழுது முடித்த குரல். "ஆன்ட்டி, அம்மா வேலை பார்த்த கடை முதலாளி பேசினார். அம்மா இடத்துக்கு என்னை வரச் சொல்றார், விசா குடுப்பாராம். வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். அம்மா போன்ல அந்த ஊரைச் சொர்க்கம்னு சொல்வாங்க. நானும் வரேன்னு சொன்னா மட்டும் பேச்சை மாத்திடுவாங்க. அவங்க நிஜமா என்ன நினைச்சாங்க? கூடவே இருந்தது நீங்கதானே. நான் வரணுமா, வேண்டாமா?"

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டுதான் வாரம் முழுக்க அலைந்தேன். அரிசி களைந்தால் அதுதான், துணி காயப்போட்டால் அதுதான். எஸ்தர் அக்காவுக்கு எல்லாவற்றைப் பற்றியும் அபிப்பிராயம் உண்டு. அவற்றை எல்லாம் நான் கேட்டிருக்கிறேன். பிரச்சினையே அதுதான்.

அவரும் அவர் மகளும் என்னிடம் பேசியது ஆங்கிலம். என் ஆங்கிலம் அரைகுறை. ஆகவே அவர் சொன்னதையெல்லாம் என் தூத்துக்குடிப் பேச்சிலேயே எழுதுகிறேன். எனக்குள் அவர் அப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்.

முதல் நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் கருவாடு வறுத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது அறையில் இருந்த அம்மாள் ஏற்கெனவே இரண்டு முறை வந்து மூக்கைப் பொத்திக் காட்டிவிட்டுப் போயிருந்தார். நான் ஜன்னலைத் திறந்து, மின்விசிறியைப் போட்டு, திருட்டு வேலை பார்ப்பவள் போல நிற்கிறேன். அப்போது வாசற்கதவு திறந்து, தோளில் ஒரு மூட்டையோடு ஆறடி உயரத்தில் ஒரு பெண்மணி உள்ளே வந்தார். மூட்டையை இறக்கவில்லை. நேராக அடுக்களைக்கு வந்து மூச்சை நன்றாக இழுத்தார். "யாரு எங்க ஊரை இங்க வச்சு வறுக்கது?" என்றார்.

மறுநாள் அவர் தம்முடைய கருவாட்டைக் காட்டினார். அடேங்கப்பா, அது மீனா விறகுக்கட்டையா என்று எனக்குச் சந்தேகம். ஊறவைத்து, செம்பனை எண்ணெயில் கீரையோடு போட்டு வேகவைத்தார். வீடு முழுக்க நாறியது. மூன்றாவது அறை அம்மாள் வந்தபோது அக்கா கரண்டியோடு திரும்பி, "சிஸ்டர், உக்காருங்க, சாப்பிடலாம்" என்றார். அத்தோடு சண்டை ஓய்ந்தது. அன்றிலிருந்து கருவாடு விஷயத்தில் நாங்கள் இருவரும் ஒரே கட்சி.

மற்ற விஷயங்களில் அவர் எந்தக் கட்சி என்பதுதான் எனக்குப் பிடிபடவே இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவர் அறை திறந்திருந்தது. கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, விறைப்பான நீலத் துணி ஒன்றைத் தலையில் சுற்றிச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் ஊர்ப் பெண்கள் கல்யாணத்துக்கும் கிறிஸ்தவக் கோயிலுக்கும் கட்டும் தலைக்கட்டு அது. தலைக்கு மேலே இன்னொரு தலை அளவுக்கு நின்றது. சரிகைச் சட்டை, காதில் தொங்கட்டான், உதட்டில் சாயம்.

"என்னக்கா, யாருக்குக் கல்யாணம்?"

"கல்யாணமும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஊருக்குப் போன் பேசப் போறேன்."

நான் சிரித்துவிட்டேன். போனில் யார் பார்க்கப் போகிறார்கள்? அவர் சிரிக்கவில்லை. காலிங் கார்டைச் சுரண்டி, எண்களை அழுத்தி, நிமிர்ந்து நின்றார். பிறகு ஒரு "ஹலோ" சொன்னார் பாருங்கள், சுவர் அதிர்ந்தது. சிரிப்பு, கேலி, பாட்டு. இங்கே எல்லாம் அருமை, ஏ.சி. குளிருது, ரோடு பளபளக்குது, நான் குண்டாயிட்டேன், முதலாளி தங்கமானவர். கார்டு தீர்ந்ததும் தலைக்கட்டை அவிழ்த்து ஆணியில் மாட்டினார். பழைய நைட்டிக்கு மாறிக்கொண்டு வந்து அடுக்களை முக்காலியில் உட்கார்ந்தார்.

"கலாஸ்," என்றார். முடிந்தது என்பதற்கு இங்கே எல்லாரும் சொல்லும் அரபிச் சொல். குரல் தரையில் கிடந்தது. அன்று அந்தத் தங்கமான முதலாளி அவரை நாலு பேர் முன்னால் வாய்க்கு வந்தபடி பேசியிருந்தார்.

"எக்கா, அதுக்கு எதுக்கு இந்த அலங்காரம்?"

"ஏட்டி செல்வி, நைட்டில நின்னுக்கிட்டுப் பேசுனா எனக்குக் குரல் பொய் சொல்ல மாட்டேங்குது. துணி மாத்துனாத்தான் வருது."

அதற்குப்பின் வெள்ளிக்கிழமை மாலைகளில் நான் அவரைக் கேலி செய்யவில்லை. தலைக்கட்டின் பின்பக்கம் ஊசி குத்திவிடுவது என் வேலையாயிற்று.

ஒருமுறை அவருக்கு மதியச் சாப்பாடு கொடுக்க கார்கோ கடைக்குப் போயிருந்தேன். பெட்டிகளின் மேல் உட்கார்ந்து அவர்கள் ஊர்க்காரர்கள் வாதம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். அங்கே எப்போதும் ஒரே வாதம்தான்: இங்கேயா, ஊரிலா. சாமான்களையெல்லாம் கட்டி அனுப்பிவிட்டு ஒரேயடியாக ஊர் திரும்பும் ஒருவர் சொன்னார்: "ஊர்ல நான் ராஜா. அப்பா நிலம் இருக்கு. தெருவுல இறங்குனா எல்லாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டு விசாரிப்பாங்க. இங்க லிஃப்ட்ல மூஞ்சிக்கு மூஞ்சி நின்னாலும் எவனும் பாக்க மாட்டான்."

அக்கா தராசிலிருந்து நிமிர்ந்தார். "ஆமா ராஜா, போ. கரண்ட் போனதும் ஜெனரேட்டர் புகையில உக்காந்து விசிறிக்கோ. ரோட்டுல மறிக்கிற ஒவ்வொரு போலீஸ்காரனுக்கும் அழுதுட்டுப் போ. ராஜாவாம்ல."

அந்த மனிதர் போய்ச் சற்று நேரத்தில், ஊரிலிருந்து புதிதாக வந்த ஓர் இளம்பெண் உள்ளே வந்தாள். கரண்ட் போவதே இல்லையே, பொம்பளை தனியாக நடக்கலாமே என்று அவளுக்கு ஒரே பூரிப்பு. அக்கா அவளையும் விடவில்லை. "நட தாயி, நல்லா நட. எத்தனை வருசம் நடந்தாலும், விசா குடுத்த கஃபீல் அதை ரத்து பண்ணிட்டா மூட்டையக் கட்ட வேண்டியதுதான். இங்க ஒரு பிடி மண்ணு ஒம்பேருல வராது. வயசானா ஒன்னைய எவன் வச்சுக் கஞ்சி ஊத்துவான்?"

வெளியே வந்ததும் எனக்குக் கோபமே வந்துவிட்டது. "எக்கா, போறவனையும் திட்டுதிய, வந்தவளையும் திட்டுதிய. நீங்க யாரு பக்கம்?"

"ரொம்பப் புகழுறவங்களக் கண்டா எனக்குப் பயம்" என்றார். அவ்வளவுதான் பதில்.

சரி, புகழ்ந்தால்தான் திட்டுவார் போலிருக்கிறது என்று நினைத்தேன். அதுவும் பொய்யாயிற்று. ஆகஸ்ட் வெயிலில் நான் இந்த ஊரைத் திட்டினால், "இந்த ஊரு ஒனக்கு என்ன குறை வச்சது?" என்று சண்டைக்கு வருவார். என் வீட்டுக்காரர் ஏ.சி. கம்பெனியில் சூப்பர்வைசர்; வாய் சும்மா இருக்காது. "உங்க நாட்டுல இருந்து எனக்கு லாட்டரி விழுந்திருக்குன்னு மெயிலா வந்து குவியுதே" என்று ஒருநாள் கிண்டல் செய்தார். அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். "ஒங்க நாட்டுக்காரன் எங்க ஊர்ல கடை வச்சு எத்தனை பேர மொட்டை அடிக்கான்! அதுக்காக ஒங்கிட்ட வந்து கேட்டேனா?" என்றார். என்னவர் தட்டோடு அறைக்குள் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் அக்காவே கதவைத் தட்டி, அவருக்கு இன்னொரு துண்டு மீன் வைத்துவிட்டு வந்தார்.

வேலைகள் சரிந்த வருடம் வந்தது. கட்டடத்தில் வாரம் ஒரு குடும்பம் காலி செய்தது. என் வீட்டுக்காரருக்குச் சம்பளத்தைக் குறைத்தார்கள். என்னையும் பையனையும் ஊருக்கு அனுப்பிவிட்டுத் தாம் கம்பெனி ஆட்கள் தங்கும் கேம்பில் இருந்துகொள்ளலாம் என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லாருக்கும் வழி சொல்லும் எஸ்தர் அக்காவிடம் போனேன். "எக்கா, நான் போகவா, இருக்கவா?"

அவர் கீரை நறுக்கிக்கொண்டிருந்தார். கை நின்றது. நான் திரும்பவும் கேட்டேன்.

"என்கிட்ட கேக்காத செல்வி. நான் பதில் சொன்னா அது ஒனக்குச் சொன்ன பதிலா இருக்காது, எனக்குச் சொன்னதாத்தான் இருக்கும். பன்னெண்டு வயசுல அவளை விட்டுட்டு வந்தேன். இப்ப அவ குரலு முத்திப்போச்சு. போன்ல முதல்ல என் தங்கச்சின்னு நெனைச்சுட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு கீரையை அடுப்பில் போட்டார். "உப்பு பாரு" என்றார்.

நாங்கள் எப்படியோ சமாளித்து இங்கேயே இருந்துவிட்டோம். அது சரியா தவறா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

போன மாதம் அவர் கிளம்பியபோது எல்லாரிடமும் லீவு என்றே சொன்னார். ஆனால் பாத்திரங்களில் பாதியை எனக்குக் கொடுத்துவிட்டார். அறையை வேறு யாருக்கும் விடாதே என்றும் சொன்னார். நீலத் தலைக்கட்டு ஆணியிலேயே தொங்கியது. எக்கா, மறந்துட்டியளே என்று எடுத்துக் கொடுத்தேன். வாங்கவில்லை.

"அது எதுக்கு? நேர்லதானே பேசப்போறேன்" என்றார்.

திரும்பி வரப்போகிறவர் விட்டுப்போனாரா, இனி அது தேவையே இல்லை என்று விட்டுப்போனாரா? இதையும் எனக்குச் சொல்லவில்லை. நான் சொல்லிக்கொடுத்தபடி வாசலில் நின்று, "போயிட்டு வரேன்" என்று தமிழில் சொன்னார். அது அவருக்கு மரியாதைக்குச் சொல்லத் தெரிந்த ஒரு வார்த்தை. அதை வைத்து என்ன முடிவு செய்ய முடியும்?

நேற்று வெள்ளிக்கிழமை. மாலையில் சியோமாவுக்குப் பேச வேண்டும். அக்காவின் அறைக்குப் போய்த் தலைக்கட்டை எடுத்தேன். நல்லபடியாக, தைரியமாக, பெரிய மனுஷியாக ஏதாவது சொல்லலாம் என்று ஆசை. கண்ணாடி முன் நின்று கட்டிப் பார்த்தேன். நிற்கவில்லை, சரிந்து கண்ணை மறைத்தது. சீ, நீ என்ன எஸ்தர் அக்காவா என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. மடித்து மடியில் வைத்துக்கொண்டு, நைட்டியோடு, கருவாட்டுக் கையோடு, அடுக்களை முக்காலியில் உட்கார்ந்து அழைத்தேன்.

"சியோமா, ஒங்கம்மா வான்னும் சொல்லல, வராதேன்னும் சொல்லல தாயி. ரெண்டையும் எல்லார்கிட்டயும் மாத்தி மாத்திச் சொன்னாவ. எனக்குப் புரிஞ்சா சொல்லமாட்டேனா? நடந்ததச் சொல்லுதேன், கேளு" என்று என் உடைந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். முதலாளி திட்டியது, ராஜா, லிஃப்ட், உப்பு பார்த்தது, ஊசி குத்தியது, நைட்டி. அவள் அம்மாவைக் காட்டிக்கொடுக்கிறேனோ என்று நடுவில் தோன்றியது. நிறுத்தவில்லை.

எல்லாவற்றையும் அவள் கேட்டு முடித்தாள். பிறகு சொன்னாள்: "அம்மா வீட்டுக்கு வந்தப்ப நான் பயந்துட்டேன் ஆன்ட்டி. ரொம்ப மெதுவா, கரகரன்னு பேசினாங்க. இது எங்கம்மா குரலே இல்லைன்னு நினைச்சேன். ஏன் இப்படிப் பேசுறீங்கன்னு கேட்டுட்டேன். அதுதான் அவங்க குரலா?"

"அதுதான் தாயி. அதுதான் ஒங்கம்மா."

அழுதாள். நானும் அழுதேன். கார்டு தீரப்போகிறது என்று போன் எச்சரித்தது. அவளே கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நான் வரலை ஆன்ட்டி. அது நல்ல ஊரா, கெட்ட ஊரான்னு எனக்குத் தெரியலை. அம்மா மாதிரி துணி மாத்திக்கிட்டு நான் சித்திகிட்டப் பேசமாட்டேன்" என்றாள். "அந்தத் தலைக்கட்டு இன்னும் அங்கதான் இருக்கா?"

"என் மடியிலதான் இருக்கு."

"அனுப்பிடுங்க. ஞாயித்துக்கிழமை கோயிலுக்குக் கட்டிக்கிறேன். ஏழு வருஷமா அதை நாங்க காதாலதான் கேட்டிருக்கோம். ஒருநாள்கூடக் கண்ணால பார்த்ததில்லை."

இன்று காலை அதைச் சிறிய அட்டைப்பெட்டியில் வைத்து கார்கோ கடைக்குக் கொண்டுபோனேன். அக்காவின் இடத்தில் வேறொருவர் நின்றார். பெட்டியில் என்ன என்று கேட்டார். துணி என்றேன். தராசில் வைத்தார், முள் அசையக்கூட இல்லை. எனுகு என்று எழுதி, ஊருக்குப் போகும் பெட்டிகளின் மேலே வைத்தார்.

எக்கா, போயிட்டு வாங்க.