மாரியாயி மாத்திரையும் என் வாயும்

ரப்பர் தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர் வாயில் ‘தெரியாது’ என்ற சொல் வரக்கூடாது; வந்தால் மறுநாள் கிளினிக்குக்கு ஒருத்தரும் வரமாட்டார்கள். மருந்து கொடுத்துப் பிழைத்தவர்களே, உங்களுக்கும் இந்த வியாதி இருக்கும்.

மொட்டை

கோலா சாவாவில் எனக்கு மூன்றாவது வீடு மாரியாயி. பால்மரம் வெட்டி ஓய்ந்தவள். ரத்தத்தில் புற்றுநோய். சிரம்பான் ஆஸ்பத்திரியில் தினம் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். நான் ரிட்டயர் ஆன ஆள். ஆனாலும் என்னிடம்தான் காட்டினாள்.

பெட்டியைப் புரட்டினேன். உள்ளே இருந்த மருந்துக் குறிப்புத் தாளைப் பிரிக்கவில்லை. “கீமோதான். முடி கொட்டிரும். முன்னாடியே மொட்டை போட்டுக்க” என்றேன். கோயிலுக்குப் போய்ப் போட்டுக்கொண்டாள்.

அடுத்த தவணைக்கு என் காரில் கூட்டிப் போனேன். டாக்டர் அவள் தலையைப் பார்த்துத் திகைத்தார். இது புற்றணுவைப் பெருகவிடும் ஒரு என்சைமை மட்டும் தடுக்கிற மாத்திரையாம். முடி அப்படியெல்லாம் கொட்டாதாம். நான் சுவரைப் பார்த்தேன். மாரியாயி சொன்னாள்: “இருக்கட்டும் டிரஸ்ஸர், ஆத்தாளுக்குக் கொடுத்ததா நெனச்சுக்கிறேன்.”

பம்ளிமாஸ்

திட்டியிருந்தால் தேவலை. வெட்கம் தாங்காமல் என் வீட்டு மரத்துப் பம்ளிமாஸை தினம் ஒன்றாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். “ரத்தத்துக்கு நல்லது.” அதுவும் நானே சொன்னதுதான்.

மூன்று வாரத்தில் அவள் கண் வீங்கியது, சாப்பிட்டதெல்லாம் வாந்தி. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நர்ஸ் மிஸ்ஸி அவள் சாப்பிட்டதை ஒவ்வொன்றாகக் கேட்டாள். பழம் என்றதும் பேனாவை வைத்தாள். மருந்தைக் கரைத்து வெளியேற்ற ஈரலில் வேறொரு என்சைம் உண்டாம். அதை இந்தப் பழம் தடுத்துவிடுமாம். மருந்து உடம்பிலேயே தேங்கி விஷமாகலாமாம். மாத்திரையைச் சில நாள் நிறுத்த வேண்டும் என்றாள். நிறுத்தினால் நோய் தலைதூக்குமே என்று மாரியாயி நடுங்கினாள்.

“யாரு கொடுத்தது?” மிஸ்ஸி கேட்டாள். பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை. நாற்பது வருஷம் மூடாத வாய். மாரியாயி என்னைப் பார்க்காமலே சொன்னாள்: “பசார்ல வாங்குனது மிஸ்ஸி.”

தாள்

இரண்டு வாரம் கழித்து ரத்தம் பார்த்தார்கள். நோய் ஏறவில்லை. மாத்திரையை மறுபடி கொடுத்தார்கள். அன்றைக்குத்தான் மிஸ்ஸியிடம் சொன்னேன்: “பழம் என் மரத்துது.” அவள் மாத்திரைப் பெட்டிக்குள் இருந்த தாளைப் பிரித்து என் கையில் வைத்தாள்.

திரும்பும்போது காரில் ரந்தாவ் ஊரைத் தாண்டியதும் மாரியாயி முடி முளைக்கத் தொடங்கிய மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு சொன்னாள்: “இனிமே படிச்சிட்டுச் சொல்லுங்கலா டிரஸ்ஸர், எனக்கு இருக்கிறது ஒரு உசுருதான்.”

என்சைமைத் தடுக்க மாத்திரை இருக்கிறது; என் வாயைத் தடுக்க மாரியாயிதான் வேண்டியிருந்தது.