ஜக்கார்டு அட்டையில் பதினைந்து விளக்குகள்

"பேட்ஜுல லைட்டு எரியப் போவுதாம்! கையைச் சுட்டுக்காம இருந்தா அதுவே போதும்" என்றார் சித்தப்பா. காஞ்சிபுரத்தில் எந்த உற்சவத்துக்கும் சீரியல் பல்பு கட்டுகிறவர் அவர். அதனால் மின்சாரம் பற்றி எங்கள் தெருவில் அவர் சொல்வதுதான் தீர்ப்பு. நான் அப்போது பத்தாம் வகுப்பு. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடப் படியேறியதில்லை.

அப்பா பட்டுத்தறிகளுக்கு ஜக்கார்டு அட்டை குத்துபவர். கட்டம் போட்ட தாளில் புள்ளிகளாக இருக்கும் பூவை அட்டையில் துளைகளாக மாற்றுவது அவர் வேலை. பத்தாவதோடு என்னையும் அதற்கு உட்காரவைக்கச் சொல்லி சித்தப்பா நச்சரித்துக்கொண்டிருந்தார். அப்பா எந்தப் பக்கமும் சாயவில்லை. "எக்சிபிஷன்ல அந்த லைட்டு எரியட்டும்பா, அப்பால பாக்கலாம்" என்று முடித்துவிட்டார். ஆக, என் பிளஸ் ஒன் பதினைந்து சிவப்பு எல்.ஈ.டி.களை நம்பி நின்றது.

பள்ளி அறிவியல் கண்காட்சியில் எல்லாரும் காகித பேட்ஜ் குத்திக்கொள்வார்கள். என்னுடையதில் ஒரு கோபுரம் ஒளிர வேண்டும் என்பது என் ஆசை. சர்க்யூட் போர்டுக்கு எங்கே போவது? அப்பா கழித்துப்போட்ட அட்டை ஒன்றை எடுத்துக்கொண்டேன். கட்டத்தாளில் கோபுரம் வரைந்து, எல்.ஈ.டி.யின் நீளக் கால், அதாவது பிளஸ், வலப்பக்கம் வர வேண்டும் என்று குறித்துக்கொண்டேன். பிளஸ் மைனஸ் மாறினால் எல்.ஈ.டி. எரியாது.

எங்கள் தெருத் தறிகளில் சேலையின் நல்ல பக்கம் கீழே இருக்கும். நெய்கிறவர் பார்ப்பது பின்பக்கத்தை. அதையே பார்த்து வளர்ந்த நானும் அட்டையைக் கவிழ்த்துவைத்துக்கொண்டு துளைகளில் பின்பக்கமிருந்து ஒவ்வொன்றாகச் செருகி, ஈயம் உருக்கிப் பற்றவைத்தேன். செல் தீர்ந்துவிடுமோ என்ற பயத்தில் ஒருமுறைகூட எரியவிட்டுப் பார்க்கவில்லை.

கண்காட்சியன்று அப்பாவும் சித்தப்பாவும் என் மேசைக்கு முன்னால் நின்றார்கள். பரிசுக்குத் தேர்வு செய்யும் நடுவர் அம்மாவும் வந்துவிட்டார். சுவிட்சைப் போட்டேன். ஒன்றும் எரியவில்லை.

"நான் சொல்லல? நாளைக்கே அட்டைக்கு உக்கார வைண்ணா" என்றார் சித்தப்பா. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நடுவர் அம்மா அடுத்த மேசைக்கு நகர்ந்தார்.

கண்ணில் நீர் முட்ட, பேட்ஜைக் கழற்றித் திருப்பினேன். பின்பக்கம் நீளக் கால்கள் எல்லாம் வலப்பக்கம் இருந்தன. அப்படியானால் முன்பக்கமிருந்து பார்த்தால் அவை இடப்பக்கம். ஒன்றுகூடப் பிசகாமல், பதினைந்தும் ஒன்றுபோல் தலைகீழ்! இரண்டு மூன்று மட்டும் மாறியிருந்தால் அழுதிருப்பேன். எல்லாமே மாறியிருந்ததால் சிரிப்பு வந்துவிட்டது.

"மேடம், ஒரு நிமிஷம்!"

பென்சில் செல் இரண்டையும் உருவி, முனை மாற்றிப் போட்டேன். என் நெஞ்சில் சிவப்பாக ஒரு கோபுரம் எழுந்தது. பக்கத்து மேசைப் பெண்கள் கத்திய கத்தலில் தலைமையாசிரியையே ஓடிவந்தார்.

அப்பா சித்தப்பாவைப் பார்த்து, "பதினொண்ணுக்கு அப்ளிகேசன் பாரம் எங்க குடுக்கறாங்கன்னு கேட்டுக்கினு வாடா" என்றார். சித்தப்பா ஆபீஸ் ரூமைத் தேடிக்கொண்டு போனார்.

அடுத்த உற்சவத்தில் சித்தப்பா அந்த பேட்ஜைக் கேட்காமலே எடுத்துத் தன் சட்டையில் குத்திக்கொண்டார். "எங்கண்ணன் பொண்ணு செஞ்சதுபா, தொடாத!" என்று நான்கு மாட வீதியும் சுற்றி, செல் தீரும்வரை கழற்றவில்லை. புது செல்லை வீணடித்துவிட்டார் என்று அவரோடு இரண்டு நாள் பேசாமலிருந்தேன். ஊருக்கெல்லாம் விளக்குக் கட்டியவர் தன்மேல் ஒன்றை மாட்டிக்கொண்டு ஏன் அப்படித் திரிந்தார் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

பொறியியல் முடித்து பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, கணினியைக் கழற்றிப் பார்க்காமல் தூங்காதவர்கள் கூடும் ஒரு மாநாட்டுக்குப் போனேன். அங்கே ஆளுக்கொரு பேட்ஜ், தாங்களே பற்றவைத்தது, நெஞ்சில் மினுக்கிக்கொண்டிருந்தது. முன்பின் தெரியாதவர்களை நிறுத்தி நிறுத்திக் காட்டினார்கள். சித்தப்பாவின் நடை அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அடுத்த மாநாட்டுக்கு எல்லாருக்குமான பேட்ஜை யார் வடிவமைப்பது என்று கேட்டிருந்தார்கள். நான் செய்கிறேன் என்று எழுதிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மாதிரி போர்டுக்கான வரைபடத்தைத் திங்கட்கிழமையே தொழிற்சாலைக்கு அனுப்பிவிட்டேன்.