இறங்கியதைப் பார்த்தவன்

காரமடைக்கு அந்தப் பக்கம் உள்ள குடிநீர் பம்ப் ஹவுஸுக்கு நான் பொறுப்பாளன். கோடை மழை காற்றோடு வந்த ஒரு மத்தியானம், மின்கம்பியின் மேல் வேப்பமரம் சாய்ந்து மோட்டார்கள் நின்றுவிட்டன. சற்று நேரத்தில் துடியலூரில் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து போன்.

"ஏனுங்க, தொட்டி அடி தட்டுதுங்க. டயாலிசிஸ்ல ஆளுக படுத்திருக்காங்க."

செத்துக்கிடந்த மோட்டாரின் பொத்தானை நான்கு முறை அமுக்கினேன். பயம் வந்தால் என் மூளை லீவு போட்டுவிடும்; விரல்கள் ஓவர்டைம் பார்க்கும்.

கம்பத்தில் ஏறுமுன் லைன்மேன் துணைமின் நிலையத்தில் சொல்லி மின்சாரத்தை நிறுத்துவார். அதற்கு 'லைன் கிளியர்' வாங்குவது என்று பெயர். இறங்கியபின் வாங்கிய அதே ஆள், தன் வாயால் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதுவரை மின்சாரம் வராது. இது எனக்கு நன்றாகத் தெரியும்.

லைன்மேன் வந்து ஏறியிருந்த, ஜன்னலில் தெரிந்த கம்பத்தில் இப்போது ஆள் இல்லை. மரத்தையும் வெட்டியாயிற்று. லைன்மேனோ போனை எடுக்கவில்லை. துணைமின் நிலையத்தை அழைத்தேன். எடுத்தது ஆபரேட்டர் அம்மா.

"ஆள் இறங்கிட்டாருங்க அம்மணி. லைன் விட்டுருங்க."

"பார்த்தீங்களா?"

"என்ர கண்ணால பார்த்தேனுங்க."

"சரிங்க. அவரு சொல்லட்டும்."

"ஆஸ்பத்திரில உசுரு கெடக்குதுங்க."

"கம்பத்துலயும் உசுருதானுங்க."

வைத்துவிட்டார். அதன்பிறகு அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். என் வீரம் எப்போதும் லைன் கட்டான பிறகுதான்.

கொஞ்ச நேரத்தில் மின்சாரம் வந்தது. ஆஸ்பத்திரிக்கும் தண்ணீர் போய்ச் சேர்ந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலம் லைன்மேன் கைகால் கழுவ வந்தார்.

"அடுத்த கம்பத்துலயும் கம்பி தாங்குற பீங்கான் ஒடஞ்சிருந்துச்சுங்க. ஏறிப்போட்டேன். நீங்க கூப்புடறப்ப ரெண்டு கையும் கம்பியில." சோப்பைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்: "நான் எறங்குனதைப் பார்த்தீங்களாமா? நல்ல கண்ணுங்க உங்களுக்கு."

சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் கையிலிருந்து வாளியில் கரைந்து இறங்கிய கரியை நான் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அவர் வெள்ளகோவில் பக்கம் மாற்றலாகிப் போய்விட்டார். இங்கே கரண்ட் போய் வந்து மோட்டார் உறுமும்போதெல்லாம் என் காதில் கேட்பது என் குரல்தான்: 'இறங்கிட்டாருங்க'. அவர் பார்க்கும் லைன் வேறு, ஊர் வேறு என்று எனக்கே நான் சொல்லிப் பார்ப்பேன். கை அதற்குள் அவர் நம்பரை அழைத்திருக்கும். நலம் விசாரிப்பதாக ஒரு சாக்கும் தயாராக வைத்திருப்பேன்.

அதைச் சொல்ல அவர் விடுவதில்லை.

"எறங்கிட்டேனுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.