கடைசிப் பெட்டி

நிறுத்தப்பட்ட அனல்மின் யூனிட்டின் மேல்தளத்தில் எங்களுக்கு ஒரே வேலை. ஒரு கருவியைக் கழற்ற வேண்டும், லேப்டாப்பில் அதன் முகவரி மறைந்ததா என்று பார்க்க வேண்டும், அடுத்ததற்குப் போக வேண்டும். அழுத்தம், வெப்பம், நீர்மட்டம் என்று எதை அளக்கும் கருவியானாலும் ஒரே ஜோடி ஒயரில்தான் பேசியது. அதற்கான மின்சாரமும் அந்த ஒயரில்தான் வந்தது.

நான் கான்ட்ராக்ட் கம்பெனியின் என்ஜினீயர். என்னோடு இருந்த டெக்னீஷியன் அண்ணன் கம்மாபுரம் பக்கம். குடும்ப நிலம் சுரங்கத்துக்குப் போனது. அதற்குப் பதிலாகச் சொன்ன பர்மனென்ட் வேலை வரவில்லை. இந்தக் கருவிகளின் நெட்வொர்க் உயிரோடு இருக்கும்வரைதான் அவருக்கு கேட் பாஸ். எனக்கு அடுத்த சைட் சொல்லியாகிவிட்டது.

சாப்பிட்டுவிட்டு வந்தபோது, மிச்சமிருந்த கருவிகள் திரையில் சிவப்பாகி, பச்சையாகி, மறுபடி சிவப்பாயின.

பார்க்க வேண்டியவை மூன்று: மின்னழுத்தம், கேபிளின் எர்த், ஒயரின் முனை. முதல் இரண்டும் சரி. கடைசிப் பெட்டியைத் திறந்தேன். முனையில் இருக்க வேண்டிய டெர்மினேட்டர் இல்லை. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். அது இல்லையென்றால் சிக்னல் முனையில் மோதித் திரும்பி வந்து எல்லாப் பேச்சையும் குழப்பிவிடும். அதனால்தான் அதைக் கடைசியில் கழற்றுவோம். அண்ணனுக்கும் இது தெரியும்.

"என்னா மேடம், ஃபால்ட்டா?" அவருடைய சட்டைப்பை புடைத்திருந்தது.

"ஆமாண்ணே."

"பெரிய ஃபால்ட்டாத்தான் இருக்கும். ஒரு வாரம் தேடிக்கினு இருக்கலாம்."

"தேடலாம். உங்க பாக்கெட்லதான இருக்கு."

சிரித்துவிட்டார். "கொஞ்சம் மக்கு என்ஜினீயரா பாத்து அனுப்புங்கன்னு சொன்னேன். கேக்கல."

கோபம் வந்திருக்க வேண்டும், இல்லை பாவமாக இருந்திருக்க வேண்டும். இரண்டும் வரவில்லை. ரிப்போர்ட்டில் ஃபால்ட் என்றே எழுதியிருக்கலாம். எழுதினாலும் அடுத்த வாரம் இதே பெட்டி முன்னால்தான் நிற்போம் என்று மட்டும் தோன்றியது. கையை நீட்டினேன். கொடுத்தார். மாட்டியதும் எல்லாம் பச்சையாயின.

பிறகு வரிசையாகக் கழற்றினோம். கடைசி முகவரியும் மறைந்தது. ஆனாலும் கருவிகளோடு பேசும் கன்ட்ரோலர் ஒவ்வொரு முகவரியாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. புதிதாக ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்று அது அப்படித்தான் பார்க்கும்.

"இன்னும் தேடிக்கினுதான் இருக்கு, மேடம்."

"சப்ளையை ஆஃப் பண்ணிடுங்கண்ணே."

"நீங்க பண்ணுங்க. என் கையால வேணாம்."

பண்ணினேன்.

கேட்டில் அவருடைய பாஸை வாங்கிக்கொண்டு கழுத்து நாடாவை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். அதைச் சுருட்டி அதே சட்டைப்பையில் வைத்தார்.

"எங்கனா புது லைன் போட்டா சொல்லுங்க, மேடம்."

"சரிண்ணே" என்றேன். அடுத்த சைட்டிலும் கழற்றும் வேலைதான்.