தெற்குக்கு ஒரு கழித்தல் குறி

என் தங்கையைப் பெண்பார்க்க வந்த மூன்று வீட்டாரும் அவள் ஜாதகத்தை வாங்கிப் பார்த்தபின் திரும்பி வரவில்லை. லக்னத்துக்கு எட்டாம் இடத்தில் செவ்வாய் இருந்தது. வருகிற கணவனுக்கு ஆகாது என்றார்கள். நாங்கள் மொரீசியஸ் தமிழர்கள், வீட்டில் பேச்செல்லாம் பிரெஞ்சு வழி வந்த கிரியோல். தமிழ் கோயிலிலும் பக்திப் பாடல்களிலும் உறவுப் பெயர்களிலும் தங்கியிருந்தது. ‘செவ்வாய் தோஷம்’ என்பதை மட்டும் யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சிறுபிள்ளைகள்கூட அந்தச் சொல்லைத் தாழ்ந்த குரலில் சொல்லப் பழகியிருந்தார்கள்.

நான்காவதாக வந்த பேச்சு வேறு விதமானது. பையன் பிளேன் மாக்னியனில், விமான நிலையத்தில் எழுத்தராக இருந்தான். தைப்பூசக் காவடியில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் பிடித்துப்போய், பெரியவர்களுக்குச் சொல்லாமல் ஓராண்டு காத்திருந்தவர்கள். ஜாதகம் கேட்டு ஆள் வந்த அன்று தங்கை துணி மடித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்:

“அக்கா, இவரும் போயிட்டா இனிமே யாரும் இந்த வீட்டுக்கு வர வேணாம். அப்பாகிட்ட சொல்லிடு.”

அழவில்லை. அதனால்தான் எனக்குப் பயம் வந்தது.

நான் அப்போது போர்ட் லூயியில் நிலஅளவை அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தேன். தினமும் போ பசானிலிருந்து பேருந்து. சுதந்திரம் வேண்டுமா வேண்டாமா என்று அந்தப் பேருந்திலேயே இரண்டு கட்சிகள் சண்டையிட்டுக்கொண்டிருந்த காலம். அளவையாளர்கள் இரவில் நட்சத்திரங்களைக் குறிவைத்து எடுத்த கோணங்களையும் கடிகார நேரங்களையும் கொண்டுவந்து தருவார்கள். வானியல் அட்டவணைகளையும் கையால் சுழற்றும் கணக்குப் பொறியையும் வைத்துக்கொண்டு, அவர்கள் நின்ற இடத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் நான் கண்டுபிடித்துத் தர வேண்டும். வேலையில் சேர்ந்த அன்று தலைமைக் கணக்கர் சொன்னது ஒன்றுதான்: “நாம தெற்குல இருக்கோம். அட்சரேகைக்கு முன்னாடி கழித்தல் குறி. அதை மறந்தா மொரீசியஸ் அரபிக்கடல்ல போய் விழும்.” விளையாட்டுப் பேச்சில்லை. நிலப்படத்தில் விரல் வைத்துப் பார்த்தேன். ஓமன் கரைக்கு அருகே விழுந்தது.

அதுவரை தங்கையின் ஜாதகத்தை நான் ஒரு கணக்காகப் பார்த்ததில்லை. தங்கை அப்படிச் சொன்ன அன்று மாலை அப்பாவின் அலமாரியிலிருந்து எடுத்து விரித்தேன். தை மாதம், பிற்பகல் இரண்டு மணி, ரிஷப லக்னம். சூரிய உதயம் எத்தனை மணிக்கு என்று எழுதியிருந்ததோ, அந்த நேரத்துக்கு எங்கள் தீவில் வெயில் முற்றத்தில் நன்றாக ஏறியிருக்கும். அது சென்னையின் உதயம். ஒவ்வொரு ராசியும் அடிவானத்தில் ஏறிவர எடுத்துக்கொள்ளும் நேரங்களும் வடக்குக்கு உரியவை. அங்கே வேகமாக ஏறும் ராசி பூமத்தியரேகைக்கு இந்தப்பக்கம் மெதுவாகும், மெதுவானது வேகமாகும். தங்கை பிறந்தது போ பசானில். அவளை அரபிக்கடலையும் தாண்டிக் கொண்டுபோய் வைத்து ஜாதகம் கணித்திருந்தார்கள்.

எழுதியவர் தேர் ரூஜ் ஊர்ப் பூசாரி. அந்த ஞாயிற்றுக்கிழமையே போனேன். நல்ல மனிதர், உட்காரவைத்துத் தேநீர் கொடுத்துப் பொறுமையாகக் கேட்டார்.

“சூரியன் எல்லாருக்கும் ஒண்ணுதானே, மகளே?”

“ஒண்ணுதான் சாமி. தை மாசம் அங்க குளிர்காலம், இங்க கோடை. நமக்குச் சீக்கிரமே விடிஞ்சிடுது. கடிகாரமும் அவங்களுது ஒன்றரை மணி முன்னாடி ஓடுது.”

“பஞ்சாங்கம் கப்பல்ல வருது. பெரியவங்க கணிச்சு, அச்சுப் போட்டு அனுப்புறாங்க. அதைத் திருத்த நான் யாரு? நீ யாரு?”

“திருத்த வேணாம் சாமி. அது அவங்க ஊருக்குச் சரி. நம்ம ஊருக்கு ஒண்ணு போடலாமே?”

“நம்ம ஊருக்குன்னு தனியா ஒரு வானமா?” என்று சிரித்தார். தட்டிலிருந்த மிளகாய் வடையை என் பக்கம் நகர்த்தினார். பேச்சு முடிந்தது என்பதை இதைவிட மரியாதையாக யாரும் சொல்ல முடியாது. அந்த மரியாதைதான் என்னை ஆத்திரப்படுத்தியது. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

தலைமைக் கணக்கரிடம் அனுமதி பெற்று, வேலை முடிந்த மாலைகளில் பொறியோடு உட்கார்ந்தேன். பிறந்த நேரத்தைக் கிரீனிச் நேரமாக்கி, அதை நட்சத்திர நேரமாக்கி, அதிலிருந்து கிழக்கு அடிவானத்தில் எந்தப் பாகை ஏறிக்கொண்டிருந்தது என்று கண்டேன். அட்டவணையில் இரண்டு நாட்களுக்கு இடையே செவ்வாய் நகர்ந்த வேகத்தைப் பிரித்து, அந்தப் பிற்பகலில் அது நின்ற இடத்தைக் கண்டேன். நிலங்களுக்குச் செய்யும் அதே கணக்கு. இம்முறை நடுவில் நிற்பது என் தங்கை என்பதால் ஒவ்வொரு வரியையும் திருப்பிச் சரிபார்த்தேன். லக்னம் ரிஷபம் இல்லை, மேஷம். செவ்வாய் தனுசில் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் மேஷத்திலிருந்து எண்ணினால் அது ஒன்பதாம் இடம். தோஷம் இல்லை.

அப்பா தாளை வாங்கிப் பழைய ஜாதகத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “இத்தனை வருஷமா?” என்று மட்டும் கேட்டார்.

அடுத்த வாரம் அப்பாவும் நானும் பிளேன் மாக்னியன் போனோம். பையனின் தாயார் கூர்மையான பெண்மணி. கணவரை இழந்தபின் தையல் வேலை செய்து பிள்ளையைப் படிக்கவைத்தவர். நான் சொன்னதை ஊசியைக் கீழே வைக்காமலே கேட்டார். பையன்தான் முதலில் புரிந்துகொண்டான். விமானங்கள் புறப்படும் நேரமும் வந்துசேரும் நேரமும் எழுதுகிறவன். ஊருக்கு ஊர் மணி மாறும் என்பதை அவனுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

“அப்ப என்னோடதும் தப்பாத்தானே இருக்கும்?” என்றான். “எனக்கும் அதே சாமிதான் எழுதினாரு. அதையும் போட்டுப் பாருங்க அக்கா.”

பூசாரியிடம் பேசி அலுத்திருந்த எனக்கு அந்தக் கேள்வி அவ்வளவு நிறைவாக இருந்தது. என் தங்கை தேர்ந்தெடுத்தவன் அறிவுள்ளவன் என்று எண்ணிக்கொண்டே அவன் ஜாதகத்தை வாங்கிவந்தேன்.

அவன் மார்கழியில் பிறந்தவன். பழைய ஜாதகத்தில் செவ்வாய் ஆறாம் இடம், யாருக்கும் தொல்லையில்லை. என் கணக்கிலும் லக்னம் ஒரு ராசி பின்னுக்கு நகர்ந்தது. செவ்வாய் ஏழாம் இடத்தில் வந்து உட்கார்ந்தது.

மறுபடி போட்டேன். குறிகளைப் பார்த்தேன். மடக்கை அட்டவணையில் பக்கத்து வரியைப் படித்துவிட்டேனோ என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். பொறியின் கைப்பிடியை வேண்டுமென்றே மெதுவாகச் சுழற்றினேன். ஏழுதான். தங்கையை விட்டு இறங்கிய தோஷம் மாப்பிள்ளையின் தலையில் ஏறியிருந்தது. பழையபடியே பொருத்தம் இல்லாமல் போனது.

எனக்கோ இதில் எதிலும் நம்பிக்கை கிடையாது. நம்பிக்கையில்லாத ஒன்றைச் சரியாகக் கணித்து, அந்தச் சரியான விடையினாலேயே தங்கையின் வாழ்வைக் கெடுத்துக்கொண்டிருந்தேன். மறைக்கவும் வழியில்லை, அவன் கேட்டு அனுப்பியிருக்கிறான். போய்ச் சொன்னேன்.

அந்தத் தாயார் அன்றுதான் ஊசியைக் கீழே வைத்தார்.

“என் பிள்ளைக்கா? பொறந்ததுலேருந்து இல்லாத தோஷம், உன் மெஷின்லேருந்து எப்படி வந்துச்சு?”

“மெஷின் போடலைம்மா. அவர் இங்க பொறந்ததால…”

“பே, அதுக்கென்ன, எல்லாரும்தான் இங்க பொறந்தோம்!”

பையன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். “நீ சும்மா இரு, உன்னாலதான்” என்றார். நான் பேருந்துக்கு நடந்தேன்.

அதன்பின் வாரக்கணக்காகச் செய்தியே இல்லை. அப்பா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. தங்கை என் தட்டில் சோறு போடும்போதெல்லாம் ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டாள், என்னைத் தேற்றுகிறாளாம். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை பிற்பகல், பையனின் தாயார் தேர் ரூஜ் பூசாரியையே உடனழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். பையனும் பின்னால் வந்தான். தாயார் தீர்மானத்தோடு வந்திருந்தார் என்பது உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது.

“சாமிகிட்ட பேசிட்டேன். பொண்ணுக்கு நீ போட்ட கணக்கை வெச்சுக்கலாம். படிச்ச பொண்ணு போட்டது, தப்பா இருக்காது. என் பிள்ளைக்குச் சாமி எழுதினது இருக்கட்டும். ரெண்டுலயும் தோஷம் இல்ல. கி பூ ஃபேர், வேற என்ன செய்யிறது?”

பூசாரி கண்களை மூடித் தலையசைத்தார். அப்பாவின் முகம் மலர்ந்தது.

“அது எப்படிம்மா முடியும்?” என்றேன். “ஒருத்தருக்கு இந்த ஊர் உதயம், இன்னொருத்தருக்கு அந்த ஊர் உதயமா? ரெண்டு பேரும் ஒரே தீவுல…”

மேசைக்கு அடியில் தங்கை என் பாதத்தை அழுத்தி மிதித்தாள். நிமிர்ந்து பார்த்தேன். எதிரே பையன் கைகளைக் கோத்துக்கொண்டு, அவனும் எல்லாம் தெரிந்தவனாக, என்னைக் கெஞ்சுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை மாலைகள் உட்கார்ந்து கண்டுபிடித்த உண்மையில் பாதியை எடுத்துக்கொண்டு மீதியைக் கீழே போடுகிறார்கள். அந்தப் பாதியால்தான் இவர்கள் இருவரும் சேரப்போகிறார்கள்.

“உங்க இஷ்டம்மா” என்றேன்.

வைகாசிக் கடைசியில் கல்யாணம். குளிர் தொடங்கியிருந்தது. வழியெல்லாம் கரும்பு பூத்து நின்றது. அழைப்பிதழில் கடக லக்னம் என்று அச்சிட்டிருந்தார்கள். பூசாரி பஞ்சாங்கத்தைப் பார்த்துக் குறித்துக்கொடுத்த நேரம். மேளம் உச்சத்துக்கு ஏறியபோது என் கண்கள் தாமாகவே மண்டபத்துக் கடிகாரத்துக்குப் போயின. மனம் கேட்காமலேயே கணக்கைப் போட்டது. கடகம் இன்னும் அடிவானத்துக்கு வரவில்லை, மிதுனம்தான் ஏறிக்கொண்டிருந்தது.

தங்கை மாலைகளுக்கு நடுவிலிருந்து என்னைப் பார்த்துவிட்டாள். நான் எங்கே பார்த்தேன் என்பதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. தலையை மெல்ல இல்லையென்று ஆட்டினாள்.

கையிலிருந்த அட்சதையை மற்றவர்களோடு சேர்ந்து நானும் போட்டேன்.